அடிவரை போகும் பூச்சி

பூச்சி இறங்கிக்கொண்டே இருந்தது.

நேற்று வரை கட்டிய பூச்சியெல்லாம் ஊர்சுற்றிப் பயல்கள். தண்ணீரில் விழுந்ததும் ஆறு தூக்கிக்கொண்டு போய்விடும். கனத்துக்காக ஈயக் கம்பியை இன்னும் நாலு சுற்று கூட்டினால் வயிறு பெருத்துவிடும். மடுவின் அடியில் கிடக்கும் பெரிய மீன் அதைப் பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளும்.

இது ஒல்லிப் பூச்சி. ஆனாலும் நேரே கீழே போனது.

தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிப் பொய்ப்பூச்சி கட்டுவது மகளின் வேலை. வீசுவது அப்பாவின் வேலை. நகைப் பட்டறையை மூடிய பிறகு அவர் கண்ணுக்கு மெல்லிய நூல் பிடிபடுவதில்லை.

பூச்சியோடு தானும் இறங்குவது போல அவளுக்கு இருந்தது. முதலில் வெயில் கலந்த தண்ணீர். பிறகு பச்சை. பிறகு நிறம் என்று ஒன்று இல்லாத தண்ணீர். மேலே ஆறு ஓடுகிற சத்தம், பக்கத்து வீட்டில் யாரோ பேசுவது போல எங்கோ கேட்டது. பாசி மெதுவாகத் தலையாட்டியது.

"மாப்பிள்ளை எப்ப வராராம்?"

தினமும் பல் விளக்கி முடித்ததும் அப்பா கேட்கிற கேள்வி. இன்றைக்குக் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

"வேலை இருக்காம்ப்பா."

"அப்படி என்ன வேலை? கடலைத் தூர் வாருறாரா?"

அவள் சிரித்தாள். இப்போதே சொல்லிவிடலாம். இனிமேல் அந்த வீட்டுக்குப் போகமாட்டேன் என்று ஒரே ஒரு வரி. ஒற்றைப் பையோடு வந்து இறங்கிய நாளிலிருந்து அந்த வரி தொண்டைக்கும் நாக்குக்கும் நடுவில் நிற்கிறது. சொன்னால் அப்பா முகம் சுண்டிப்போகும். பட்டறையில் அவர் கடைசியாகச் செய்தது அவளுடைய கல்யாண மோதிரம்தான். நூல் மாதிரி மெல்லிய மோதிரம். அத்தனை ஆசையாகச் செய்தார்.

நேற்று மத்தியானம் அவர் அசந்து தூங்கும்போது, அதைத்தான் பழைய பட்டறையின் மூசைக் கிண்ணத்திலிட்டு உருக்கினாள். கம்பியாக இழுத்தாள். முள்ளில் நெருக்கமாகச் சுற்றினாள். ஈயத்தைவிடத் தங்கம் கனம் என்று பட்டறை வீட்டுப் பெண்ணுக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? மேலே பழுப்பு நூல், அதற்கு மேலே கோழியின் கழுத்து இறகு. மஞ்சள் ஒரு பொட்டுக்கூட வெளியே தெரியவில்லை.

விரலில் கிடந்தபோது சும்மா கனத்தது. இங்கேயாவது உருப்படியாகக் கனக்கட்டும்.

காலையில் பூச்சியைக் கையில் வாங்கியதும், "என்ன வச்சுக் கட்டினே?" என்று அப்பா கேட்டார். "ஈயந்தான்ப்பா" என்றாள். அவர் அதை உள்ளங்கையில் ஒரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டு, தூண்டில் கோலை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு நடந்தார்.

நூல் தளர்ந்தது. பூச்சி அடியைத் தொட்டுவிட்டது.

அப்பா கோலை லேசாகத் தூக்கினார். நூல் தடையில்லாமல் கூடவே வந்தது. தாழ்த்தினார். மறுபடி கீழே போய் உட்கார்ந்தது. அவள் நூலையே பார்த்தாள்.

அப்பா சட்டைப் பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்தார். நூலை வெட்டினார்.

"சிக்கிக்கிச்சு," என்றார்.

பட்டறைத் தரையைக் கூட்டிய குப்பையைக்கூட ஒரு நாளும் வெளியே கொட்ட விடாத மனுஷன். அலசி அரித்து, கண்ணுக்குத் தெரியாத துகளையும் பொறுக்கி எடுக்காமல் படுக்கப் போகமாட்டார்.

"ஐயோ அப்பா, அது வெறும் ஈயம் இல்ல…"

"ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்லுவாங்க." அப்பா வெறும் உள்ளங்கையை அவள் பக்கமாக விரித்துக் காட்டினார். "காலையில கையில வாங்கினப்பவே அளந்துட்டேம்மா."