சாட்சிக்கு வந்த பலகை

டாக்டர் உள்ளே வந்ததும் பிளாஸ்டிக் பையை அவிழ்த்து, காய் வெட்டும் பலகையை எடுத்துக் கட்டில் பக்கத்து மேசைமேல் வைத்தேன்.

தம்பி வீட்டுச் சமையலறையிலிருந்து நானே தூக்கிவந்தது. கோழியும் அதிலேதான், வெங்காயமும் அதிலேதான். தம்பி பெண்டாட்டியின் லட்சணத்துக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

அந்த மகராசி கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்தாள். பலகையைப் பார்த்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்.

கட்டிலில் குட்டி, கையில் ட்ரிப்ஸ் ஊசியோடு. அஞ்சு வயசுப் பிள்ளை. வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாக உருக்கி எடுத்துவிட்டது. எனக்கென்று பெற்றது ஒன்றும் இல்லை, தம்பி மகள்தான் எனக்கு எல்லாம்.

"அழுதா கண்ணுல தண்ணி வரல, ஒண்ணுக்கும் போகல" என்று அலறிக்கொண்டு டாக்சி பிடித்து ஓடிவந்தாளாம் அம்மாக்காரி. ஒரு வேளை பட்டினி போட்டால் தானாக நிற்கும் என்று நான் போனில் சொன்னது காதில் ஏறவில்லை. பிள்ளை அழுதால் கண்ணீரை அளந்து பார்க்கிற தாயை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

வாய்த்த டாக்டரும் அப்படி. பள்ளிக்கூடச் சீருடை மாட்டிவிட்டால் பொருந்தும். சால்மோனெல்லாவாம், மலப் பரிசோதனையில் தெரிந்ததாம். பெரும்பாலும் தானே சரியாகுமாம். உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியமாம். இந்தப் பிள்ளைக்கு ஆன்டிபயாடிக் வேண்டாமாம், உப்பு சர்க்கரைக் கரைசலை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தால் போதுமாம்.

தண்ணீர் கலக்கக் கற்றுக்கொள்ள ஒரு படிப்பு!

நான் நேற்றே தம்பியிடம் தீர்த்துச் சொல்லிவிட்டேன். பிள்ளை இங்கிருந்து நேரே என் வீட்டுக்குத்தான் வரும். தேறின பிறகும் அங்கேதான் இருக்கும், பள்ளிக்கூடத்தை மாற்றிக்கொள்ளலாம். அவன் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினான். இப்போதும் கட்டிலின் கால்மாட்டில் அப்படித்தான் நின்றான்.

குட்டியின் துணி அடைத்த பை என் காலடியில் இருந்தது. அடைக்கும்போது அம்மாக்காரி அழுதாள். அழட்டும். சுத்தம் தெரியாதவளுக்குப் பிள்ளை ஒரு கேடா?

ஆனால் வேண்டாத இடத்தில் மட்டும் சுத்தம் பொங்கி வழியும். பிறந்தநாளுக்கு நான் ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்ததைக் குளியலறைப் பக்கம் ஒதுக்கி வைத்தாள். குட்டி அதைத் தொட்டுவிட்டு வந்தாலே போதும், "கை கழுவு, கை கழுவு" என்று பின்னாலேயே ஓடுவாள். நாத்தனார் கொடுத்தது என்றால் அவ்வளவு இளக்காரம். நேரில் போய் நன்றாக நாலு கேள்வி கேட்டு, அதைப் பிள்ளையின் தலைமாட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். அதற்கப்புறம் மூச்சுக் காட்டவில்லை.

டாக்டர் பலகையைத் திருப்பிப் பார்த்தாள். பச்சைக் கோழியிலிருந்தும் இது வரலாம்தான் என்றாள். கேட்டாயா என்பதுபோல் தம்பியைப் பார்த்தேன்.

டாக்டர் அதோடு விடவில்லை.

"வீட்ல ஏதாவது வளர்க்கறீங்களா? ஆமை, கோழிக்குஞ்சு மாதிரி? பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா இந்தக் கிருமி அதுங்க மேலயே இருக்கும். சின்னப் பிள்ளைங்க அதைக் கொஞ்சிட்டு அப்படியே கையை வாயில வெச்சிடுவாங்க."

தம்பி தரையைப் பார்த்தான்.

தம்பி பெண்டாட்டிக்கு ஒரே ஒரு வார்த்தை போதும், என்னை அங்கேயே நாறடித்திருக்கலாம். அவள் பாட்டுக்கு ஸ்பூனில் கரைசலை எடுத்துக் குட்டியின் வாயில் விட்டுக்கொண்டிருந்தாள்.

குட்டி அதை விழுங்கிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அத்தை, உங்க வீட்டுக்கு வரும்போது நீங்க குடுத்த ஆமையையும் எடுத்துட்டு வரலாமா? நான் முத்தம் குடுக்கலன்னா அது தூங்காது."

டாக்டர் என்னைப் பார்த்தாள்.

தம்பி பெண்டாட்டி ஸ்பூனை வைத்துவிட்டுக் கட்டிலைச் சுற்றி வந்தாள். குனிந்து என் காலடியிலிருந்த துணிப்பையை எடுத்தாள். நான் காலை நகர்த்திக்கொண்டேன். பிறகு மேசைமேல் கிடந்த பலகையை எடுத்து அதே பிளாஸ்டிக் பைக்குள் போட்டாள்.

"இதை இனிமே கோழிக்குன்னு தனியா வெச்சுக்கறேன் அண்ணி."

குரலில் கோபம்கூட இல்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கும் பதில் சொல்ல வாய் இருந்திருக்கும்.

தம்பி அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான்.

குட்டி இன்னும் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.