நடுங்கும் கையும் குவார்ட்ஸ் கல்லும்

ஓடாமல் நின்றுபோன சுவர்க்கடிகாரம் ஒன்றில் பொருத்துவதற்காகப் புதுக் குவார்ட்ஸ் கல் ஒன்று கடிகாரம் பழுதுபார்ப்பவரின் மேசைக்கு வந்தது. உருவத்தில் அரிசியைவிடக் கொஞ்சம் பெரியது. சந்தேகம் மட்டும் ஆள் உயரம். ஈயம் பற்றவைக்க வந்த அவர் கை நடுங்குவதைப் பார்த்ததும், நூல் போன்ற அதன் இரண்டு கால்களும் கூசின. சூடு மயிரிழை தவறினாலும் கால் கருகிவிடும், அப்புறம் குப்பைக்கூடைதான்.

தன்னைக் கவ்விப் பிடித்திருந்த இடுக்கியிடம் அது முணுமுணுத்தது: "அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. உங்க ஆள் குடிச்சிருக்காரா?"

"டீ குடிச்சாரு. அதுலயும் பாதி சட்டையில." வாயைத் திறக்காமலே பேசுவது இடுக்கிக்குப் பழக்கம்.

"முழங்கையை ஏன் மேசையில ஊன்றாரு?"

"நடுக்கம் அடங்கத்தான்."

"சுண்டுவிரலை ஏன் என் பக்கத்துல வைக்கிறாரு? நான் தப்பிச்சுடாம காவலா?"

"நீ எங்கப்பா ஓடப்போற?"

"இப்ப மூச்சையும் பிடிக்கிறாரே! சுவரேறுற திருடன்தான் அப்படிப் பிடிப்பான்."

இடுக்கி பதில் சொல்வதற்குள் ஈயம் உருக்கும் சூட்டுக்கோல் இரண்டு முறை தொட்டு விலகியது. இரண்டு கால்களிலும் குண்டூசித் தலையளவு ஈயம் பளபளத்தது. கல் உற்று உற்றுப் பார்த்தும் குறை ஒன்றும் அகப்படவில்லை. அதுவே அதற்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

கை பேட்டரியைப் போட்டது. உடனே கல்லின் உடம்பெல்லாம் கிடுகிடுவென்று நடுங்கத் தொடங்கியது. அந்த நடுக்கத்தை எண்ணித்தான் கடிகாரம் நேரம் சொல்லும். நொடிமுள் நகர்ந்தது.

"என்னப்பா, நீயும் டீ குடிச்சியா?" என்றது இடுக்கி.

"நடுக்கமா? யாருக்கு? நான் வேலை பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றது கல், கை இருந்த பக்கம் பார்க்காமல்.