அடிமரங்கள்

"சுவரோட அடிமரம் ஆறும் உளுத்துப்போச்சும்மா," என்றார் சிர்க்காவின் மரவீட்டைப் புதுப்பிக்க வந்த ஒப்பந்தக்காரர் வெய்க்கோ.

"ஒண்ணாவது தேறாதா?" என்றாள் சிர்க்கா.

"தேறாது."

அவற்றை மாற்ற அழுதுகொண்டே சம்மதித்தாள். கழற்றியதையெல்லாம் எரித்துவிட்டதாகச் சொன்னார்.

இலையுதிர் காலத்தில், ஏரிக்கு அக்கரையில் இருந்த அக்கா கெர்த்து தன் புதிய சௌனாவில், அந்த மர நீராவிக் குளியலறையில், குளிக்க அழைத்தாள். "வெய்க்கோ கட்டினதுடி. பழைய மரம், இரும்பு மாதிரி இருக்கு!"

நீராவிக்குள், கெர்த்து காட்டிய எதிர்ப்பக்கம் போகாமல், இந்தப் பக்கச் சுவரைப் பிடித்து உட்கார்ந்த சிர்க்காவின் விரல்களில் ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தாள். கத்தியால் செதுக்கிய 'அம்மா'. ஓர் எழுத்து தலைகீழாக இருந்தது. ஏரியில் மூழ்கிப்போன மகள், ஆறு வயதில் தங்கள் வீட்டு அடிமரத்தில் செதுக்கியது.

"அக்கா, இது உன் கண்ணுல படலையா?"

கெர்த்து தலைகுனிந்தாள்.

"பட்டுச்சு. அதான் உன்னை அந்தப் பக்கம் உக்காரச் சொன்னேன்."