திரையில் ஒன்றுமில்லை

அவள் வால்வைத் திறந்தாள்.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் சோதனைக்கூடத்துக் காற்றுச் சுரங்கம் அலறத் தொடங்கியது. மேசை, டம்ளர், பல் எல்லாம் அதிர்ந்தன.

தொட்டியில் இருக்கும் காற்று அரை நிமிடத்துக்குத்தான் வரும். அதற்குள் அவள் வரைந்த நாசில் தேற வேண்டும்.

ஒலியை முந்திவிட்ட காற்று ஒரு விசித்திரப் பிறவி. நெருக்கினால் தயங்கும், இடம் விட்டால் பறக்கும். அதற்கு அளந்து இடம் விடுகிற வளைவுதான் நாசில். வளைவு இம்மி பிசகினாலும் காற்று முட்டிக்கொள்ளும். முட்டிய இடமெல்லாம் கேமராத் திரையில் கறுப்புக் கோடாக விழும்.

போன இரண்டு முறையும் விழுந்தன.

"கோலம் நல்லா வந்திருக்கும்மா" என்று அப்போது கேலி செய்தார் துறைத்தலைவர் தணிகாசலம். இன்றும் விழுந்தால் அவளுடைய நாசிலைக் கழற்றிவிட்டு வெளிநாட்டில் வேறொன்று வாங்கிவிடுவார். காலையிலேயே சொல்லிவிட்டார். நல்ல மனுஷன்தான். ஆனால் அவரிடம் ஒரு பாராட்டு வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை.

திரையில் ஒரு கறுப்பு அலை குறுக்கே ஓடி மறைந்தது.

பிறகு ஒன்றுமில்லை.

சாம்பல் வெளிச்சம். அவ்வளவுதான்.

பக்கத்தில் நின்ற தணிகாசலம் குனிந்து பார்த்தார். திரையின் தலையில் இரண்டு தட்டு தட்டினார்.

"என்னம்மா இது, கேமரா படுத்துடுச்சா? மூடு மூடு, காத்து வீணாப் போகுது!"

கேமராதானோ? இவ்வளவு சுத்தமான ஓட்டத்தை அவளும் பார்த்ததில்லையே.

வால்வை நோக்கிப் போன கையைத் திருப்பி, பக்கத்துப் பொத்தானை அழுத்தினாள். காற்றின் நடுவே ஒரு மெல்லிய ஊசி நீண்டது.

ஊசிமுனையிலிருந்து இரண்டு கோடுகள் தெறித்தன. ஒன்று மேலே சாய்ந்து, ஒன்று கீழே சாய்ந்து. கத்தியால் கீறியதுபோல் நேராக.

அடேயப்பா!

கேமரா உயிரோடுதான் இருந்தது. கோடுகளின் சாய்வே வேகத்தைச் சொன்னது. ஒலியைப்போல் இரு மடங்கு. அத்தனை வேகத்திலும் காற்று அவளுடைய நாசிலின் சுவரில் எங்கேயும் முட்டவில்லை. முட்டியது அந்த ஊசியில் மட்டும்தான்.

அவள் ஓரக்கண்ணால் தணிகாசலத்தைப் பார்த்தாள்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மறுபடி மாட்டினார்.

தொட்டியின் அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் சில நொடிகள்.

"அந்த ஊசிய எடுத்துடும்மா" என்றார். "தீர்றதுக்குள்ள இன்னொரு தடவ பாத்துக்கறேன்."

எடுத்தாள்.

காற்று தீரும்வரை இருவரும் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.