அரிசிப்பானைக் கையிருப்பு

சாலைக் கடைத்தெருவில் கணக்கெழுதும் குற்றாலலிங்கம் அன்றைக்கு மத்தியானமே வீடு திரும்பி, நேரே போய் அரிசிப்பானைக்குள் கையை விட்டார். அடியில் கிடக்கும் பணப்பையைக் காணோம்.

"உலகம்மை! கையிருப்பு எங்கட்டீ?"

கிணற்றடியிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள் மனைவி.

"சண்டை வரப்போகுதுன்னு தேயிலைக் கம்பெனிப் பங்கு பாதி விலைக்கு விழுந்துட்டுல்லா? விலை பாதியானா பானைப் பணத்தை எடுத்து வாங்கிப் போடணும், பயந்து விக்கப்படாது. நீங்க வச்ச சட்டம்தானே? கடைத்தெரு பூரா அதைத்தானே சொல்லிக்கிட்டு நடந்திய!"

"அதுக்கு?"

"தரகர் திரவியம் அண்ணாச்சியை வரச்சொல்லி முப்பது பங்கு வாங்கிட்டேன். நீங்க வந்ததும் சொல்லி அசத்தணும்னு இருந்தேன்."

"முப்பதா? இந்த நேரத்துல யாரு வித்தது?"

"பேரைச் சொல்லமாட்டேன்னுட்டாரு. யாரோ பெரிய மனுசராம். காலங்காத்தால பயந்தடிச்சு ஓடிவந்து, 'எம் பெண்டாட்டிக்குத் தெரியாம வித்துக் குடுங்க அண்ணாச்சி'ன்னு கெஞ்சினாராம். சட்டம் ஒண்ணும் தெரியாத ஆளு போலிருக்கு."

குற்றாலலிங்கம் மெல்லப் பானையை மூடினார். கையிருப்போடு சேர்த்து வைத்துவிடலாம் என்று கொண்டுவந்த பணம் மடியில் உறுத்தியது. காலையில் விற்ற முப்பது பங்கின் பணம், தரகு போக மிச்சம்.

"அந்த வீட்டுப் பொம்பளைய நினைச்சாத்தான் பாவமா இருக்கு, இல்லியா?" என்றாள் உலகம்மை.

"பாவந்தான்" என்றார் குற்றாலலிங்கம்.