ஹானரா முழுங்கிய வயது

“பதினஞ்சு வருஷத்துல உன் கொள்ளுப்பாட்டி ஹானராவுக்கு ஏழு வயசுதான் ஏறியிருக்கு. மீதி எட்டையும் முழுங்கிட்டா, டிம்ப்னா.”

மாலக்கி மடிக்கணினியை மனைவி பக்கம் திருப்பினார். 1926-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கை நூறு வருடம் பூட்டி வைத்திருந்துவிட்டு, அரசாங்கம் அந்த வாரம்தான் இணையத்தில் திறந்துவிட்டிருந்தது. அயர்லாந்து முழுக்க அவரவர் முன்னோர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மாலக்கியும் தூக்கம் மறந்து தேடினார். கிடைத்ததென்னவோ, உருளைக்கிழங்கு பயிரிட்டு, உண்மையான வயதைச் சொல்லி, சத்தமில்லாமல் செத்துப்போன சாதுக்கள். அவர்களை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம்கூடப் பேச முடியாது. அதனால்தான் மனைவியின் வம்சத்துக்குத் தாவினார்.

அன்று மாலை தேவாலயத்தின் பங்குக் கூடத்தில் ஊர் வரலாற்றுச் சங்கத்தின் கூட்டம். தேடிக் கண்டுபிடித்ததை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். முடிந்ததும் புதிய தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நாற்காலி மீது மாலக்கிக்கு நெடுநாளாக ஒரு கண்.

“1911 கணக்குல நாப்பத்தொண்ணு. 1926ல நாப்பத்தெட்டு. ரெண்டுலயும் எழுதிக் கையெழுத்துப் போட்டது அவ புருஷன்தான். பாவம், பொண்டாட்டி சொன்னதை அப்படியே நம்பியிருக்கான்.”

டிம்ப்னா ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதை நிறுத்தினாள்.

“இதைக் கூட்டத்துல சொல்லாதே, மாலக்கி.”

“ஏன்? அவ செத்து எத்தனையோ வருஷமாச்சு. யாருக்கு வலிக்கப் போகுது?”

“யாருக்காவது வலிக்கும். சொன்னாக் கேளேன்.”

“உன்னைவிட மூணு வயசு மூத்தவன் சொல்றேன், நீ கேளு. சரித்திரம்னு வந்துட்டா சொந்தம் பந்தம் பார்க்கக் கூடாது.”

கல்யாணமான நாளிலிருந்து எல்லா வாக்குவாதத்தையும் மாலக்கி அந்த மூன்று வயதை வைத்துத்தான் ஜெயித்துவந்தார். அவரிடம் வேறு ஆயுதம் இருந்ததும் இல்லை.

“சரி, உன் இஷ்டம். கார் ரிப்பேருக்குப் போயிருக்கு, ஞாபகம் இருக்கா? போறதுக்குப் பக்கத்து வீட்டு கார்ல இடம் கேட்டிருக்கேன். திரும்பறதுக்கு பஸ்தான்.”

“இருக்கட்டும். இன்னும் ரெண்டு வருஷம். அறுபத்தாறு ஆயிட்டா எனக்கு பஸ்ஸு ஓசி. உனக்குத்தான் அஞ்சு வருஷம் காத்திருக்கணும்.”

டிம்ப்னா மறுபடி ரொட்டிக்கு வெண்ணெய் தடவத் தொடங்கினாள். வீட்டில் பாஸ்போர்ட், வங்கி, வரி எல்லாம் அவள் இலாகா. நூறு வருடம் ஆகாத காகிதம் எதையும் மாலக்கி தொடுவதில்லை, அதில் அவருக்குச் சற்றுப் பெருமையும் உண்டு.

கூடம் நிறைந்திருந்தது. மாலக்கிக்கு முன்னால் பேசிய ஓய்வுபெற்ற வாத்தியார் தன் தாத்தாவின் பன்றிகளைப் பற்றி அரை மணி நேரம் பேசி, பாதிப் பேரைத் தூங்க வைத்திருந்தார். மாலக்கி எழுந்து ஹானராவின் வயதைச் சொன்னதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“அந்தப் புருஷனைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. ஒரே வீடு, ஒரே கட்டில். பக்கத்துல படுத்திருக்கிறவளுக்கு என்ன வயசுன்னு தெரியாமலே போய்ச் சேர்ந்திருக்கான்.”

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாலக்கிக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டது.

“பாதிரியாருக்குத் தெரிஞ்சிருக்கும். கடைக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கும். ஊருக்கே தெரிஞ்சிருக்கும். அந்த மண்டுக்கு மட்டும் தெரியலை.”

கூடம் அதிர்ந்தது. பங்குத்தந்தை கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தபால் நிலையத்து பெர்னி கழுத்துத் துணியை எடுத்து வாயில் திணித்துக்கொண்டாள். டிம்ப்னாவின் தங்கை நோரீன் அடக்க மாட்டாமல் வெளியே ஓடினாள். டிம்ப்னா மட்டும் கடைசி வரிசையில் தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தன் பேச்சுக்கு இப்படி ஒரு சிரிப்பு கிடைக்கும் என்று மாலக்கி கனவிலும் நினைத்ததில்லை. இத்தனை நாள் தன் நகைச்சுவையை வீட்டுக்குள்ளேயே வீணாக்கிவிட்டோமே என்று வருத்தமாகக்கூட இருந்தது.

“தலைவர் பதவிக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் இந்த ஊர்ல கிடையாது,” என்றார் பங்குத்தந்தை, இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டே. எல்லாக் கைகளும் உயர்ந்தன.

பஸ் வந்தபோது லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. கூட்டத்துக்கு வந்திருந்தவர்களில் பாதிப் பேர் அவர்களை முந்திக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

“பார்த்தியா? ஒருத்தருக்கும் வலிக்கலை. எப்படிச் சிரிச்சாங்க பாரு.”

“பார்த்தேன்.”

மாலக்கி தலைவருக்குரிய மிடுக்கோடு படியேறி, டிரைவர் பாட்ஸியிடம் பணத்தை நீட்டினார்.

“ரெண்டு டிக்கெட் குடுப்பா.”

“உங்களுக்கு மட்டும் ஒண்ணு போதுமே. அவங்ககிட்டதான் போன வருஷத்துல இருந்து ஓசி பாஸ் இருக்கே.”

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே மழையை வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்கள்.

டிம்ப்னா கைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் கருவியில் காட்டினாள்.

“உன்னைவிட மூணு வயசு மூத்தவ சொல்றேன், கேளு,” என்றாள். “வழியில நிக்காதே, உள்ளே போய் உட்காரு.”