பருந்துப் பாடம்

பறவைகள் கல்லூரி ஒன்றில் செவலை என்ற கோழி, குஞ்சுகளுக்குப் பருந்துப் பாடம் நடத்திவந்தது. பாடம் முடியும்போது மாணவர்களுக்கு என்ன செய்யத் தெரிந்திருக்கும் என்று எழுதித் தரும்படி முதல்வர் வான்கோழி கேட்டது. செவலை ஒரே வரி எழுதியது: 'பருந்தின் நிழல் விழுந்ததும், மூன்று எண்ணுவதற்குள் குஞ்சு புதருக்குள் பதுங்கும்.'

வான்கோழி அதைப் படித்துவிட்டுத் தாடியை ஆட்டியது.

"என்னம்மா இது, ஓடுவதும் பதுங்குவதும் கல்லூரிப் படிப்பா? 'பருந்து குறித்த ஆழ்ந்த புரிதலைப் பெறுவார்கள்' என்று எழுது. கேட்கவே கம்பீரமாக இருக்கிறது பார்."

"புரிந்ததா இல்லையா என்று எப்படி ஐயா கண்டுபிடிப்பது?"

"கண்டுபிடிக்க முடியாது. அதனால் யாரும் தோற்கவும் மாட்டார்கள்."

வேலை போய்விடுமே என்று பயந்து செவலை திருத்தி எழுதியது. ஓட்டப் பயிற்சியை நிறுத்திவிட்டுப் பருந்தின் குலப்பெருமையை நடத்தியது.

தேர்வு நாளன்று நிஜப் பருந்தே வந்துவிட்டது. குஞ்சுகள் அண்ணாந்து பார்த்து அதன் இறக்கையின் அகலத்தை விவாதித்துக்கொண்டு நின்றன. செவலை கத்திக்கொண்டு பாய்வதற்குள், காலுக்கு ஒன்றாக இரண்டு குஞ்சுகளைப் பருந்து தூக்கிக்கொண்டு போனது.

வான்கோழி நிதானமாக மதிப்பெண் பட்டியலைப் பிரித்தது.

"அந்த இரண்டுக்கும் முதல் வகுப்பு போடு. பருந்தை அவ்வளவு நெருக்கத்தில் வேறு யார் புரிந்துகொண்டார்கள்?"

செவலை அதன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மிச்சமிருந்த குஞ்சுகளை வெட்டவெளிக்குக் கூட்டிப் போய், "ஓடுங்கள்" என்றது.

வான்கோழி, வாத்துகளின் நீச்சல் பாடத்தைத் திருத்த உட்கார்ந்தது.